இறங்கும் வரை ஒரு விதி, குதிக்கும் வரை ஒரு விதி

(பயணிகள் விமானத்துக்கும் படை விமானத்துக்கும் கட்டுப்பாட்டு அமைப்பின் சான்றளிப்பில் உள்ள வேறுபாடுகள் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2003ஆம் ஆண்டில் பாக்தாத் நகரத்தின் மேலே, ஏழரை மாத இடைவெளியில், இரண்டு விமானங்கள் அடிபட்டன. இரண்டிலும் ஒரே சேதம்: ஹைட்ராலிக் அழுத்தம் முழுவதும் போய்விட்டது. இரண்டிலும் இருந்தவர்கள் உயிரோடு தரைக்கு வந்தார்கள். ஆனால் வந்த விதத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

முதலாவது, அமெரிக்க விமானப்படையின் ஏ-10. நாள் ஏப்ரல் 7. ஓட்டியவர் கேப்டன் கிம் கேம்ப்பெல். தரையிலிருந்து சுட்டதில் விமானத்தின் பின்பகுதி துளைபட்டது. இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, மூக்கைத் தாழ்த்தி, நகரத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது. அவர் இடக்கைப் பக்கப் பலகையில் இருந்த ஒரு சுவிட்சை மாற்றினார். அத்தோடு எண்ணெய் அழுத்தம் செய்துவந்த வேலையைக் கம்பிவடங்கள் ஏற்றுக்கொண்டன. வாலில் உள்ள எலிவேட்டரையும் ரடரையும் வடங்கள் நேரடியாக இழுத்தன. இறக்கையில் உள்ள அய்லரான்களை, அவற்றின் ஓரத்தில் இருக்கும் சிறு மடிப்புத் தகடுகள் காற்றின் விசையைக் கொண்டே அசைத்தன. கைக்குக் கடும் வேலைதான். இருந்தாலும் விமானம் சொன்னபடி கேட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறந்து, குவைத்தில் இருந்த தளத்தில் அதை இறக்கினார்.

இரண்டாவது, நவம்பர் 22. டிஹெச்எல் நிறுவனத்துக்காகப் பறந்த ஏர்பஸ் ஏ300 சரக்கு விமானம். பாக்தாதிலிருந்து கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, தோளில் வைத்து ஏவும் ஏவுகணை ஒன்று இடது இறக்கையில் பட்டது. இறக்கை தீப்பிடித்தது. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் வற்றிப்போயின. மாற்றுவதற்கு எந்தச் சுவிட்சும் அங்கே இல்லை. விமானத்தில் இருந்த மூன்று பேருக்கும் மிஞ்சியவை இரண்டு இன்ஜின்கள் மட்டும். இடது இன்ஜினின் வேகத்தைக் கூட்டினால் விமானம் வலப்பக்கம் திரும்பும், இரண்டையும் கூட்டினால் மூக்கு எழும்பும், குறைத்தால் தாழும். அந்த ஒரே வழியில் திருப்பிக் கொண்டுவந்து, கிளம்பிய விமான நிலையத்திலேயே இறக்கினார்கள். விமானம் ஓடுபாதையை விட்டு விலகி மணலில் போய் நின்றது. மூவரும் பிழைத்தார்கள்.

ஏ-10இல் இருந்த அந்தச் சுவிட்ச் ஏ300இல் ஏன் இல்லை? ஏ300ஐ வடிவமைத்தவர்கள் அசட்டையாக இருந்தார்களா? இல்லை. அவர்கள் தங்கள் விதிகளை முழுமையாக நிறைவேற்றியவர்கள். அந்த விதி கேட்ட கேள்வி வேறு. பயணிகள் விமான விதி, "இதில் தானாக எது கெடும்?" என்று கேட்கிறது. படை விமான விதி அதோடு, "எதிரி எதைக் கெடுப்பான்?" என்றும் கேட்கிறது.

"இரண்டில் எது கறாரான விதி?" என்று பலரும் கேட்கிறார்கள். இராணுவம் என்றாலே கறார் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்களைப் புரட்டிப் பார்த்த சிலர், இராணுவ விதி தளர்வானது என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. யாருடைய உயிர், அவர் அந்த ஆபத்துக்குச் சம்மதித்தாரா, சம்மதத்தில் கையெழுத்திட்டவர் யார் என்பதில்தான் இந்த இரண்டு விதிகளும் பிரிகின்றன. அந்தப் பிரிவு நியாயமானது. ஆனால் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போகும் ஒரு தரப்பு உண்டு. அவர்கள் விமானத்துக்குக் கீழே வாழும் மக்கள். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நூறு கோடி மணிக்கு ஒன்று

முதலில் பயணிகள் விமானம். பெரிய பயணிகள் விமானங்களுக்கு அமெரிக்காவில் 'பார்ட் 25', ஐரோப்பாவில் 'சிஎஸ்-25' என்ற விதித்தொகுப்புகள் உள்ளன. உலகின் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒட்டியே நடக்கிறது. இவை சட்டம். விமானத்தை வாங்கும் நிறுவனமும் தயாரிக்கும் நிறுவனமும் தங்களுக்குள் பேசித் தளர்த்திக்கொள்ள முடியாது.

இதில் இரண்டு பிரிவுகள் நமக்கு முக்கியம். 25.1309 எல்லா அமைப்புகளுக்கும் பொதுவானது. 25.671 கட்டுப்பாட்டு அமைப்புக்கே உரியது. ஒரு கோளாறு எவ்வளவு கொடிய விளைவைத் தருமோ, அவ்வளவு அரிதாக அது நிகழ வேண்டும் என்பது 1309இன் அடிப்படை. 'பெரியது' என்று வகைப்படுத்தப்படும் கோளாறு ஒரு லட்சம் பறப்பு மணிக்கு ஒன்றைவிட அரிதாக இருக்க வேண்டும். 'அபாயகரமானது' ஒரு கோடி மணிக்கு ஒன்றைவிட அரிதாக. விமானத்தையே இழக்கச் செய்யும் 'பேரழிவு' என்றால் நூறு கோடி மணிக்கு ஒன்றைவிட அரிதாக. நூறு கோடி மணி என்பது ஒரே விமானம் நிற்காமல் பறந்தால் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் ஆண்டுகள்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? விதி உருவான காலத்து அனுபவத்தில் பத்து லட்சம் பறப்பு மணிக்கு ஏறத்தாழ ஒரு பெரும் விபத்து நடந்தது. அதில் பத்தில் ஒரு பங்குக்கு விமானத்தின் உள் அமைப்புகள் காரணம். ஆக, அமைப்புகளால் வரும் பெரும் விபத்து ஒரு கோடி மணிக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். ஒரு விமானத்தில் பேரழிவில் முடியக்கூடிய கோளாறு வகைகள் ஏறத்தாழ நூறு இருக்கலாம் என்று கொண்டார்கள். ஒரு கோடியை நூறால் பெருக்கினால் நூறு கோடி. விபத்துப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட நேர்மையான கணக்கு இது.

எண்ணைவிட வலுவான ஒரு வாசகம் இந்த விதிக்குள் உண்டு. எவ்வளவு அரிதானதாக இருந்தாலும் சரி, ஒரே ஒரு கோளாறு பேரழிவில் முடியக்கூடாது. அதாவது, "இந்தப் பாகம் உடையவே உடையாது" என்று கணக்குக் காட்டித் தப்பிக்க முடியாது. 671 இன்னும் நெருங்கி வருகிறது. வழக்கமான பறப்பில் ஒரு கட்டுப்பாட்டுப் பரப்பு எந்த நிலையில் இருக்குமோ, அந்த நிலையிலேயே இறுகிச் சிக்கிக்கொண்டாலும் விமானம் தொடர்ந்து பத்திரமாகப் பறந்து தரையிறங்க வேண்டும். எல்லா இன்ஜின்களும் நின்றுபோனாலும் விமானி கையில் கட்டுப்பாடு இருக்க வேண்டும். அதனால்தான் பல பயணிகள் விமானங்களில் ஒரு சிறு காற்றாடி உள்ளே மடங்கிக் கிடக்கிறது. மின்சாரமும் அழுத்தமும் போனால் அது வெளியே விழுந்து, எதிர்க்காற்றில் சுழன்று, கட்டுப்பாட்டுக்கு வேண்டிய சக்தியைத் தருகிறது.

"தொடர்ந்து பத்திரமாகப் பறந்து தரையிறங்க வேண்டும்." பயணிகள் விமான விதியின் உயிர் இந்த வாசகத்தில் இருக்கிறது. வேறு எந்த முடிவையும் அது ஏற்பதில்லை. நடுவானில் இறங்கிக்கொள்ளப் பயணிக்கு வழி கிடையாது. அவர் விமானத்தின் வரைபடத்தைப் பார்த்ததில்லை. சீட்டு வாங்கியபோது எந்த ஆபத்துக்கும் கையெழுத்துப் போட்டதுமில்லை. அவர் சார்பில் சட்டம் பேசுகிறது.

ஐந்து நிலைகள்

இனி இராணுவப் பக்கம். அமெரிக்க இராணுவத்தில் கட்டுப்பாட்டு அமைப்புக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது 1975இல் வந்த 'மில்-எஃப்-9490டி'. பின்னர் 2007இல் எஸ்ஏஇ அமைப்பு வெளியிட்ட 'ஏஎஸ்94900' அதன் வாரிசாக வந்தது. 9490டி கட்டுப்பாட்டு அமைப்பின் ஆரோக்கியத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலை, எல்லாம் ஒழுங்கு. இரண்டாவது, சில தடைகளோடு பணியைத் தொடரலாம். மூன்றாவது, பணியைக் கைவிட்டுப் பத்திரமாகத் திரும்பலாம். நான்காவது, உடனே அவசரமாகத் தரையிறக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஐந்தாவது, விமானத்திலிருந்து ஆட்கள் வெளியேறும் அளவுக்கு மட்டும் கட்டுப்பாடு இருக்கிறது.

அந்த ஐந்தாவது நிலைக்குப் பயணிகள் விமான விதியில் இடமே கிடையாது. அங்கே விமானம் தரைக்கு வந்தே ஆக வேண்டும். இங்கே விமானம் போகட்டும், ஆள் பிழைக்கட்டும் என்று ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவின் பெயர் எஜெக்‌ஷன் சீட். சில நொடிகள் விமானம் நேராக நின்றால் போதும், விமானி தப்பிவிடுவார்.

எண்களிலும் இது தெரிகிறது. கட்டுப்பாட்டு அமைப்பின் கோளாறால் விமானத்தை இழக்கும் வாய்ப்பு, கனரக விமானங்களுக்கு 20 லட்சம் பறப்புகளுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது என்கிறது 9490டி. சண்டை விமானங்களுக்கும் இலகு, நடுத்தர விமானங்களுக்கும் அது ஒரு லட்சம் பறப்புகளுக்கு ஒன்று. ஒரே ஆவணத்துக்குள் இருபது மடங்கு வித்தியாசம். பெரிய போக்குவரத்து விமானத்தில் படைவீரர்கள் வரிசையாக அமர்ந்து வருகிறார்கள். அவர்களுக்கு எஜெக்‌ஷன் சீட் கிடையாது. இராணுவ விதிக்கும் இது தெரியும்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த எண்களைப் பயணிகள் விமானத்தின் நூறு கோடியோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிடாதீர்கள். அது ஒரு மணி நேரத்துக்கு. இது ஒரு பறப்புக்கு. அது ஒவ்வொரு கோளாறு வகைக்கும் தனித்தனியாக. இது கட்டுப்பாட்டு அமைப்பு மொத்தத்துக்கும். அலகைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் முதல் பார்வையில் தெரியும் அளவுக்கு அது பெரிதல்ல.

விமானம் கைக்கு எப்படி இருக்கிறது என்பதை அளப்பதிலும் இரு விதிகளும் வேறு வேறு பாதையில் போகின்றன. பயணிகள் விமான விதி பெரும்பாலும் சொற்களில் பேசுகிறது. அசாதாரணமான திறமையோ, விழிப்போ, உடல் பலமோ தேவைப்படாமல் சாதாரண விமானி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. விசைக்கு மட்டும் எண் தருகிறது: இரு கையாலும் இழுக்கும்போது மூக்கை ஏற்றி இறக்கச் சிறிது நேரத்துக்கு 34 கிலோவுக்கு மேல் வேண்டியிருக்கக்கூடாது, ரடர் மிதிக்கு 68 கிலோ. இராணுவத்தில் முன்பு வழக்கிலிருந்த 'மில்-எஃப்-8785சி' எண்களால் நிறைந்தது. விமானங்களை நான்கு வகுப்புகளாகவும், பறப்பின் கட்டங்களை மூன்று பிரிவுகளாகவும், கையாளும் தரத்தை மூன்று படிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவு சொல்கிறது. விமானி கைப்பிடியை அசைத்ததற்கும் விமானம் பதில் தருவதற்கும் இடையிலான தாமதம் முதல் படியில் 0.10 நொடி, இரண்டாம் படியில் 0.20 நொடி, மூன்றாம் படியில் 0.25 நொடி. எதிரியைக் குறிவைத்துத் துரத்தும் விமானத்துக்குப் பத்தில் ஒரு நொடியே பெரிய விஷயம்.

இன்னொரு அடிப்படை வேறுபாடும் உண்டு. பயணிகள் விமானம் கையை விட்டாலும் தன் நிலைக்குத் தானே திரும்பும் இயல்போடு இருக்க வேண்டும் என்பது பழைய எதிர்பார்ப்பு. எஃப்-16 முதல் வந்த சண்டை விமானங்கள் வேண்டுமென்றே அந்த இயல்பைக் கைவிட்டன. உள்ளங்கையில் குச்சியை நிமிர்த்தி நிறுத்துவது போல, கணினி நொடிக்குப் பலமுறை திருத்திக்கொண்டே இருந்தால்தான் அவை பறக்கும். பதிலாக, நினைத்த மாத்திரத்தில் திரும்பும் சுறுசுறுப்பு கிடைக்கிறது. இப்படிப்பட்ட விமானத்தில் கணினிக்கு மின்சாரம் ஒரு கணம் போனாலும் ஆபத்து. ஆகவே எஃப்-16இல் இருக்கும் ஒரே இன்ஜினும் நின்றுவிட்டால், ஹைட்ரஸீன் என்ற நச்சு எரிபொருளில் ஓடும் அவசர மின்-அழுத்த இயந்திரம் உடனே கிளம்புகிறது. பயணிகள் விமானத்தின் காற்றாடிக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான். கீழே விழுந்த ஹைட்ரஸீனைத் துடைக்கப் பாதுகாப்பு உடை போட்ட தனிக் குழு வேண்டும். ஒழுங்குபடுத்தப்பட்ட தளத்தில் அதைச் செய்யலாம். பயணிகள் நிலையத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

யார் கையெழுத்திடுகிறார்?

விதியை நிறைவேற்ற முடியாமல் போனால் என்ன நடக்கிறது? பயணிகள் விமானத்தில், அதே அளவு பாதுகாப்பை வேறு வழியில் தருகிறேன் என்று தயாரிப்பாளர் நிரூபிக்க வேண்டும். அல்லது பகிரங்கமாக விலக்குக் கேட்க வேண்டும். விதி எழுதப்பட்ட காலத்தில் இல்லாத தொழில்நுட்பம் வந்தால், ஆணையம் அதற்கென்று சிறப்பு நிபந்தனைகளை வெளியிடுகிறது. 1988இல் சான்று பெற்ற ஏ320 அப்படித்தான் வந்தது. பக்கவாட்டுக் கைப்பிடி, கம்பிக்குப் பதில் மின்சைகை, விமானி எவ்வளவு இழுத்தாலும் 2.5 ஜி அளவோடு நிறுத்தும் கணினி. இவை எதையும் பழைய விதி எதிர்பார்க்கவில்லை.

இராணுவத்தில் வழி வேறு. 'மில்-எஸ்டிடி-882ஈ' என்ற தரநிலையின்படி ஒவ்வொரு ஆபத்தும் கடுமை, வாய்ப்பு என்ற இரண்டு அளவுகளில் மதிப்பிடப்படுகிறது. சிறிய ஆபத்தைத் திட்ட மேலாளர் ஏற்றுக் கையெழுத்திடலாம். ஆபத்து பெரிதாகப் பெரிதாகக் கையெழுத்து மேலிடத்துக்குப் போகிறது. ஒரு தேவைக்காக, ஒரு கால அளவுக்கு, ஆபத்தை அறிந்தே ஏற்பது இராணுவத்தின் இயல்பு. போர்க்களத்தில் விமானம் பறக்காமல் நிற்பதும் உயிரிழப்புத்தான் என்ற அவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் பிரிட்டன் பெற்ற பாடத்தையும் மறக்கக்கூடாது. 2006 செப்டம்பர் 2ஆம் தேதி ஆப்கானிஸ்தானில் பிரிட்டன் விமானப்படையின் நிம்ராட் விமானம் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். காரணம் எரிபொருளும் வெப்பக் குழாயும். கட்டுப்பாட்டு அமைப்பு அல்ல. ஆனாலும் அதை ஆராய்ந்த சார்லஸ் ஹாடன்-கேவ் 2009இல் அளித்த அறிக்கை எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும். பாதுகாப்பு ஆவணம் என்பது பெட்டிகளை டிக் செய்யும் காகித வேலையாகிவிட்டது, வாங்குபவரும் பறப்பவரும் சான்று தருபவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள் என்பது அதன் சாரம். அதன் விளைவாக 2010இல் தனியான இராணுவ விமான ஆணையம் அங்கே உருவானது.

இரண்டு பக்கமும் வீழ்ந்த இடங்கள்

பயணிகள் விமான விதி இவ்வளவு நேர்த்தியாக இருந்தும் தவறிய இடங்கள் உண்டு. ஒன்றைக் கிட்ட இருந்து பார்ப்போம். போயிங் 737இன் ரடரை அசைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு வால்வு. ஒரு சிறு உருளைக்குள் இன்னொரு உருளை நகரும். இரண்டும் சேர்ந்து ஒரு வெளிக்கூட்டுக்குள் நகரும். ஒன்று சிக்கினாலும் மற்றொன்று வேலை செய்யும் என்பது வடிவமைப்பு. காகிதத்தில் இரட்டைப் பாதுகாப்பு. 1991இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு 737 விழுந்து 25 பேர் இறந்தார்கள். 1994இல் பிட்ஸ்பர்க் அருகே இன்னொன்று விழுந்து 132 பேர். நீண்ட விசாரணைக்குப் பிறகு 1999இல் வந்த முடிவு இது: வெளி உருளை கூட்டோடு சிக்கிக்கொண்டால், உள் உருளை எல்லை மீறி நகர்ந்து, எண்ணெயின் பாதையைத் தலைகீழாக்கும். விமானி வலது மிதியை அழுத்தினால் ரடர் இடப்பக்கம் போகும். ஒரே கூட்டுக்குள் இரண்டை வைத்துவிட்டு அதை இரண்டு என்று எண்ணியதுதான் பிழை. பின்னர் அந்த ரடர் அமைப்பே மாற்றப்பட்டது.

1989இல் அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் டிசி-10க்கு நேர்ந்ததும் இதே வகை. மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தன. ஆனால் மூன்றின் குழாய்களும் வாலில் பக்கம் பக்கமாக ஓடின. வால் இன்ஜினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியபோது மூன்றும் சேர்ந்தே அறுந்தன. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். எதிரி சுடுவான் என்று கருதி வடிவமைத்திருந்தால், மூன்று குழாய்களும் ஒரே இடத்தில் ஓடியிருக்குமா? இராணுவத்தின் கேள்வி பயணியைக் காத்திருக்கக்கூடிய இடம் இது.

737 மேக்ஸ் கதையை நீங்கள் அறிவீர்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் இரண்டு விபத்துகள், 346 உயிர்கள். மூக்கைத் தானாகத் தாழ்த்தும் எம்கேஸ் மென்பொருள், காற்று மோதும் கோணத்தை அளக்கும் ஒரே சென்சாரை நம்பியது. வழக்கமான பறப்பில் அது தவறாக இயங்கினால் விளைவு 'பெரியது' என்ற படியோடு நிற்கும், விமானி சில நொடிகளில் சமாளித்துவிடுவார் என்று மதிப்பீட்டில் வைத்திருந்தார்கள். மதிப்பீடு ஒரு படி இறங்கியதும் அதன்மேல் கட்டிய எல்லாமே இறங்கிவிட்டது. அதே போயிங் நிறுவனம் அமெரிக்க விமானப்படைக்குக் கொடுத்த கேசி-46 எரிபொருள் விமானத்திலும் எம்கேஸ் உண்டு. அது இரண்டு சென்சார்களின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கிறது என்று 2019இல் விமானப்படை தெரிவித்தது. விதிப் புத்தகத்தின் பெயரைவிட, அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்பட்ட கேள்விகளே விமானத்தைக் காக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இராணுவப் பக்கம் 1993 ஆகஸ்ட் 8. ஸ்டாக்ஹோமில் தண்ணீர்த் திருவிழா. பாலங்களிலும் கரைகளிலும் பல்லாயிரம் மக்கள். அவர்கள் தலைக்கு மேலே கிரிப்பன் சண்டை விமானம் வித்தை காட்டிக்கொண்டிருந்தது. விமானி கைப்பிடியை வேகமாக அசைத்தபோது, கட்டுப்பாட்டுப் பரப்புகளை நகர்த்தும் இயந்திரங்கள் தங்கள் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டன. அதற்கு மேல் அவற்றால் ஓட முடியாது. விமானியின் கட்டளை ஒரு பக்கமும் விமானத்தின் பதில் மறு பக்கமுமாகப் பிசகின. அவர் திருத்தத் திருத்த ஆட்டம் வளர்ந்தது. சில நொடிகளில் அவர் வெளியேறினார். பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தார். ஐந்தாவது நிலை சொன்னபடியே வேலை செய்தது.

விமானம் நகரத்தின் நடுவே லாங்ஹோல்மென் தீவில் விழுந்து எரிந்தது. தரையில் யாரும் இறக்கவில்லை. ஆனால் அதற்கு எந்த விதியும் காரணமல்ல. விமானி இல்லாத விமானம் எங்கே விழும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. விமானியின் உயிரைக் காக்கும் கதவு திறந்த அதே நொடியில், கீழே நின்றவர்களின் உயிருக்குப் பொறுப்பேற்பவர் இல்லாமல் போனார். அவர்களில் ஒருவரும் எந்த ஆவணத்திலும் கையெழுத்திட்டவர் அல்ல.

நம் தலைக்கு மேலே

இந்தச் செய்தி நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. தேஜஸ் விமானம் தன்னியல்பில் நிலையற்றது. நான்கு இணைத் தடங்கள் கொண்ட கணினி அதைப் பறக்கவைக்கிறது. 1998இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்தபோது, கட்டுப்பாட்டு அமைப்புக்குக் கிடைத்துவந்த வெளிநாட்டு உதவி நின்றது. நம் பொறியாளர்கள் அதைத் தாங்களே முடித்து, 2001 ஜனவரி 4ஆம் தேதி பறக்கவிட்டார்கள். அது மிகப் பெரிய சாதனை. நான் அதை நெஞ்சாரப் போற்றுகிறேன். அந்த விமானங்களின் படைப்பிரிவு 2018இல் கோவை அருகே சூலூருக்கு வந்தது. சூலூரைச் சுற்றி விசைத்தறிக் கூடங்கள், பள்ளிக்கூடங்கள், தோட்டங்கள், நெருக்கமான ஊர்கள்.

அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம். அங்கே இருக்கும் 'பி-8ஐ' கடல் கண்காணிப்பு விமானம் 737 குடும்பத்தைச் சேர்ந்தது. பயணிகள் விமானமாகச் சான்று பெற்ற உடலில் இராணுவக் கருவிகளும் இராணுவப் பணியும் ஏற்றப்பட்டிருக்கின்றன. ரடர் விபத்துகள் தந்த பாடத்தின் பயன், அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்த அதற்கும் உண்டு. இப்படிப்பட்ட விமானத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பத்து கிலோமீட்டர் உயரத்தில் நேராகப் பறப்பதை வைத்துப் போட்ட கணக்கு, கடல் மட்டத்தை ஒட்டிச் சாய்ந்து திரும்பும் பணிக்கும் செல்லுமா? சான்று அப்படியே இருந்தாலும், பயன்பாடு மாறினால் கணக்கைப் புதிதாகப் போட்டாக வேண்டும்.

அதே ராஜாளியில் 2020 முதல் குத்தகைக்கு எடுத்த ஆளில்லா எம்கியூ-9பி விமானங்களும் பறக்கின்றன. 2024 செப்டம்பரில் அவற்றில் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. ஆளில்லா விமானத்தில் எஜெக்‌ஷன் சீட் பற்றிய வாதமே கிடையாது. காக்க வேண்டிய உயிர் என்று இருப்பது கீழே இருப்பவர்களின் உயிர் மட்டும். ஆகவே அந்த விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பை மதிப்பிடும்போது பயணிகள் விமானத்தின் மனப்பான்மைதான் வேண்டும். "ஆளில்லாத விமானம்தானே" என்ற எண்ணம் மதிப்பீட்டுக்குள் நுழையக்கூடாது.

நம் நாட்டில் பயணிகள் விமானத்துக்கு டிஜிசிஏ. படை விமானங்களுக்குச் சான்று தருவது பெங்களூருவில் உள்ள செமிலாக். அங்கே திறமைக்கும் அர்ப்பணிப்புக்கும் குறைவில்லை. ஆனால் அது டிஆர்டிஓ அமைப்பின் கீழ் இயங்குகிறது. நம் படை விமானங்கள் பலவற்றை வடிவமைப்பதிலும் அதே பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குப் பங்கு உண்டு. பிரிட்டன் 14 உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் உயிர் கொடுக்காமலே கற்கலாம். சான்று தரும் அதிகாரத்தை, வடிவமைப்பவரிடமிருந்தும் வாங்குபவரிடமிருந்தும் இன்னும் தெளிவாகப் பிரித்து நிறுத்துவது பற்றி நாட்டில் வெளிப்படையான விவாதம் வேண்டும்.

மாணவர்களுக்கு இதைச் சொல்லி முடிக்கிறேன். நாளை உங்கள் மேசைக்கு ஒரு கட்டுப்பாட்டு அமைப்பின் மதிப்பீட்டு அறிக்கை வரும். அதில் பத்தின் அடுக்கில் எண்கள் வரிசையாக நிற்கும். அந்த எண்ணைச் சரிபார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது கெட்டால் விமானத்தில் இருப்பவர் என்ன செய்வார்? தனித்தனி என்று எழுதியிருக்கும் பாகங்கள் உண்மையில் ஒரே கூட்டுக்குள், ஒரே குழாய் வழியில் இருக்கின்றனவா? இந்தக் கணக்கு போடப்பட்ட பணியும் விமானம் இன்று செய்யும் பணியும் ஒன்றா? விமானத்தை விட்டு ஆள் குதித்த பிறகு, அது யார் மேல் விழும்?

முதல் மூன்று கேள்விகளை இரு பக்க விதிகளும் ஏதோ ஒரு வடிவில் கேட்கின்றன. நான்காவதை நீங்கள்தான் விடாமல் கேட்க வேண்டும். இராணுவ விமானத்துக்கு அதன் சுறுசுறுப்பு வேண்டும், அதன் சுதந்திரம் வேண்டும். பயணிகள் விமானத்தின் விதியை அதன் தலையில் அப்படியே கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விமானி ஏற்றுக்கொண்ட ஆபத்து விமானியோடு நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஏற்காதவர்களின் பெயரிலும் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கு தேறவில்லை என்றால் கையெழுத்திட மறுக்கும் துணிவு உள்ளவரே நல்ல சான்றளிப்பாளர். அந்தப் பொறுப்புக்கு இந்த அவையிலிருந்து பலர் வர வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.